முதல் வெள்ளிக்கு ஒரு மிடறு

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாருக்காவது புரைக்கேறினால் அம்மா உச்சந்தலையில் தட்டி, "ஆரோ நினைக்கினம்" என்பார். நினைப்பது கனடாவில் இருக்கும் பெரியம்மாவா, லண்டனில் இருக்கும் மாமாவா என்று ஒரு சின்ன விவாதம் நடக்கும். அதற்குள் தண்ணீர் வந்துவிடும், இருமலும் நின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டை முடித்துக்கொண்டு நான் கோப்பாய்க்கு விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானம் அப்பாவுக்குப் புரைக்கேறியது. பிசைந்த சோறு கையில் இருக்க நான் துள்ளி எழுந்தேன். அவருடைய உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். தொண்டையைப் பார்த்தேன். "அப்பா, கதையுங்கோ! ஏதாவது கதையுங்கோ!" என்று கத்தினேன். நான் கத்திய கத்தலில் பயந்துபோய் அவர் இன்னொரு தரம் இருமினார்.

"உனக்கென்ன பேயே பிடிச்சது?" என்றார் அம்மா.

பேய் இல்லை, படிப்புத்தான். மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல் போனவர்களில் நானும் ஒருத்தி. அடுத்ததாக என்ன கிடைக்கும் என்று தேடியபோது, தெற்கில் கேட்டலுக்கும் பேச்சுக்கும் ஒரு பட்டப்படிப்பு இருப்பது தெரியவந்தது. காது கேளாதவர்களைச் சோதித்துக் கருவி பூட்டுவது, திக்கும் பிள்ளைகளைக் கதைக்கப் பழக்குவது, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்தவர்கள் அவ்வளவுகூட நினைக்கவில்லை. "கதைக்கப் பழக்கிறதுக்கு ஒரு டிகிரியோ?" என்று கேட்டார்கள். கதைப்பதற்கு உதவும் நாக்கும் அண்ணமும் குரல்வளையும்தான் விழுங்குவதற்கும் உதவுகின்றன, ஆகையால் விழுங்க முடியாதவர்களும் எங்கள் தலையில்தான் என்று எனக்கே அங்கே போன பிறகுதான் தெரியும். அம்மாவிடம் சொன்னபோது அவர் அரிவாளில் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "சோறு விழுங்கிறதுக்கும் படிப்போ?"

இருக்கிறது. அதன் முதல் பாடமே பயம். விரிவுரை மண்டபத்தை இருட்டாக்கிவிட்டு எங்களுக்கு ஒரு எக்ஸ்ரே படம் காட்டினார்கள். யாரோ ஒருவர் வெள்ளையாகத் தெரியும் பானம் ஒன்றைக் குடிக்கிறார். பாதி உணவுக்குழாய்க்குள் போகிறது. மீதி, மெல்லிய நூலாக, மூச்சுக்குழாய்க்குள் வழிகிறது. அந்த ஆள் இருமவில்லை, செருமவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மிடறுக்கு ஆயத்தமாகிறார். இருமுகிறவர்கள் தப்பிவிடுவார்கள், இருமாதவர்களைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும் என்றார் விரிவுரையாளர். நுரையீரலுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சலாக வரும். சில வயதானவர்களுக்கு அதுதான் கடைசிக் காய்ச்சல். வகுப்பில் எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

பிறகு செய்முறை வகுப்பில் ஒருவர் தொண்டையில் ஒருவர் விரல் வைத்து, விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புவதைத் தொட்டுப் பழகினோம். காலி நகரத்தில் இருந்து வந்த என் தோழி என் கழுத்தில் விரல்களை வைத்துக்கொண்டு "ம், விழுங்கு" என்றாள். வாய் நிறையத் தண்ணீர். என்னால் முடியவில்லை. ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் பிறந்த நாளில் இருந்து செய்துவந்த வேலை மறந்துபோய்விட்டது. கடைசியில் சிரித்துவிட்டேன், தண்ணீர் முழுவதும் அவள் சட்டையில் போனது.

இறுதியாண்டுப் பயிற்சிக்கு என்னை எங்கள் குடாநாட்டின் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். தமிழில் கதைத்துச் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் எங்கள் துறையில் குறைவு. ஆகையால் "உனக்கென்ன, வீட்டுச் சாப்பாடு" என்று தோழிகள் பொறாமைப்பட்டார்கள். நானோ பயந்துகொண்டு வந்து சேர்ந்தேன். தெற்கில் நோயாளிகளோடு நான் கதைத்தது அரைகுறைச் சிங்களத்தில். பிழை விட்டால் பாஷையின் மேல் பழியைப் போடலாம். இங்கே அந்த வசதியும் இல்லை. கோப்பாயில் பஸ் ஏறும்போதே என் சோற்றுப் பார்சல் கனக்கத் தொடங்கிவிடும்.

அங்கே என்னை மேற்பார்த்த மிஸ் நிதானமானவர், நடப்பதிலும் கதைப்பதிலும் அவசரமே இல்லை. என் இறுதிப் பரீட்சைக்குரிய நோயாளியாக அவர் ஒரு கட்டிலைக் காட்டினார். குருநகர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதியவர். வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் பாலும் கஞ்சியும். சொல்வதை ஓரளவு விளங்கிக்கொள்வார். ஆனால் பேச்சில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஓம்". பசிக்கிறதா என்றாலும் ஓம், நோகிறதா என்றாலும் ஓம், உங்கள் பெயர் என்ன என்றாலும் ஓம்.

"நீர்தான் இவருக்கு என்ன குடுக்கலாம் எண்டு முடிவெடுக்கோணும்," என்றார் மிஸ். "நான் பக்கத்திலை நிப்பன். ஆபத்து வந்தால் ஒழிய வாய் திறக்கமாட்டன்."

கட்டிலருகில் எந்நேரமும் இருந்தவர் அவருடைய மகள். நாற்பது வயதிருக்கும், நான் அக்கா என்று கூப்பிட்டேன். முதல் இரண்டு நாட்கள் அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டையில் மெல்ல இறங்கட்டும் என்று மாக் கலந்து தடிப்பாக்கிய தண்ணீரை நான் தேக்கரண்டியில் ஐயாவுக்குப் பருக்குவதையும், கழுத்தில் ஸ்தெதஸ்கோப் வைத்துக் கேட்பதையும், ஒவ்வொரு கரண்டிக்குப் பிறகும் "ஓம் சொல்லுங்கோ ஐயா" என்று கேட்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிய பின் குரல் காய்ந்து, தெளிவாக வந்தால் பாதை சுத்தம். தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் களகளத்தால் ஏதோ குரல்வளைக்கு மேல் தேங்கி நிற்கிறது. அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல்லை நான் சோதனைக் கருவியாக்கிவிட்டேன். தடிப்பான தண்ணீர் பரவாயில்லாமல் போனது. தயிரும் மெல்ல மெல்லப் போனது.

மூன்றாம் நாள் அக்கா, என்னையும் மிஸ் என்றே கூப்பிட்டு, கேட்டார். "மிஸ், வாறது மாசத்திலை முதல் வெள்ளி. சுவாமி படுக்கையிலை கிடக்கிற வருத்தக்காரருக்கு நன்மை கொண்டு வருவார். அப்பாக்குக் குடுக்கலாமோ?"

நாங்கள் சைவ சமயம். சுவாமி என்று அவர்கள் பாதிரியாரைச் சொல்கிறார்கள் என்பதும், நன்மை என்பது பூசையில் கொடுக்கும் அப்பம் என்பதும் எனக்குத் தெரியும். அதன் தடிப்பு என்ன, வாயில் என்ன ஆகும் என்பது தெரியாது.

"கடலுக்குப் போன காலத்திலையும் அப்பா முதல் வெள்ளியைத் தவறவிட்டதில்லை," என்றார் அக்கா. "குழாய்க்குள்ளாலை நன்மை விட ஏலாதுதானே. போன முறை சுவாமி வந்து நெத்தியிலை கை வச்சுச் செபிச்சுப்போட்டுப் போனார். அப்பா வாயைத் திறந்தபடி பாத்துக்கொண்டிருந்தார். அதை இன்னொருக்காப் பாக்க என்னாலை ஏலாது மிஸ்."

ஏலாது என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், பரீட்சையிலும் புள்ளி குறையாது. ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொல்லும் "ஏலாது" வெறும் பயம்தான் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். மிஸ் என் முகத்தைப் பார்த்தார். "பூசையிலை வைக்காத அப்பம் எடுக்கலாமோ அக்கா?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் காலை அக்கா ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தார். அதை அவர்கள் ஓஸ்தி என்றார்கள். கன்னியர் மடத்தில் சுடுவார்களாம், பூசையில் வைக்கும்வரை அது வெறும் அப்பம்தானாம். கடதாசிபோல் மெல்லிய வெள்ளை வட்டங்கள். சிலதை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். குசினியில் கதிரையில் இருந்துகொண்டு ஒன்றை நாக்கில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"உது வேதக்காரற்ரை கோயிலிலை குடுக்கிறது எல்லே?"

"படிப்புக்கு அம்மா. பேசாமல் இருங்கோ."

பேசாமல் இருக்க அம்மாவுக்கு வராது. தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "உப்புமில்லை, புளியுமில்லை," என்றார். பிறகு நாக்கால் துழாவத் தொடங்கினார். "எடியேய், அண்ணத்திலை ஒட்டிப் போச்சுது!" எனக்கும்தான் ஒட்டியிருந்தது. நல்ல நாக்கு உள்ளவர்களுக்கே அதைச் சுரண்டி எடுக்க நேரம் பிடித்தது. அந்த மனிதருடைய நாக்கு வலப்பக்கம் சாய்ந்து கிடப்பது. ஒட்டியது கழன்று, பாதி கரைந்த நிலையில் தொண்டைக்குள் நழுவினால்? மிச்சத்தைப் பொதிந்து வைத்தேன். அம்மா இன்னொன்று கேட்டார், கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை மிஸ்ஸுக்கு முன்னால் சோதனை. ஐயாவைச் சாய்வாக இருத்தி, முகத்தைப் பழுதான வலப்பக்கம் திருப்பி, ஓஸ்தியில் கால்வாசியைக் கிள்ளி, நல்ல பக்கமான இடப்பக்க நாக்கில் வைத்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். என் விரல்கள் அவருடைய கழுத்தில் இருந்தன. நரைத்த தாடி மயிர் குத்தியது. நான் குரல்வளை எழும்பட்டும் என்று காத்திருந்தேன்.

எழும்பவில்லை. தாடை அசையவில்லை. கன்னம் அசையவில்லை. தயிருக்கு உடனே அசைந்த வாய் இப்போது கல்லாக இருந்தது. "விழுங்குங்கோ ஐயா" என்றேன். அசைவில்லை. "மெல்லுங்கோ" என்றேன். அசைவில்லை. எனக்குள் அந்த இருட்டு மண்டபத்தின் படம் ஓடத் தொடங்கியது. மெல்லிய வெள்ளை நூல். போய்விட்டது, சத்தமில்லாமல் போய்விட்டது, இந்த ஆளை நான் கொல்லப்போகிறேன். உதட்டைப் பார்த்தேன், எனக்கு அது நீலமாகத்தான் தெரிந்தது. "மிஸ்ஸி! சளி உறிஞ்சிற மெஷினைக் கொண்டு வாங்கோ!" என்று தாதியைப் பார்த்துக் கத்தினேன். தாதி மெஷினை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் ஐயாவின் வாயைத் திறக்க முயன்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலை இழுத்த கை. கண்களைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கோபம் இருந்தது.

"விடுங்கோ மிஸ், விடுங்கோ!" அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டார். "அவர் மெல்லமாட்டார்! நன்மையிலை பல்லுப் படக்கூடாது எண்டு அந்தக் காலத்திலை பழக்கினது. கரையுமட்டும் அப்பிடியே வச்சிருப்பார். நாங்கள் சின்னனிலை மெண்டால் குட்டு விழும்."

என் கையின் கீழே குரல்வளை எழும்பியது. ஒரே தரம், முழுசாக, அழகாக. பிறகு இறங்கியது. ஐயா என் மணிக்கட்டை விட்டார்.

"ஓம் சொல்லுங்கோ ஐயா" என்றேன். குரல் எனக்குத்தான் நடுங்கியது.

"ஓம்," என்றார் அவர். காய்ந்த குரல். மிஸ் இவ்வளவு நேரமும் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி அவருடைய விரலில் பூட்டியிருந்த ஒட்சிசன் மானியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதில் எண் இறங்கவே இல்லையாம். உதடு நீலமானது என் கண்ணில் மட்டும்தான். தாதி மெஷினைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார்.

அன்று வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் யோசித்தது இதுதான்: பக்தியை நான் நோய் என்று எண்ணிவிட்டேன். ஆனால் அந்தப் பக்தியே அவருக்கு ஆபத்து. மெல்லாமல், நாக்கால் தள்ளாமல், கரையட்டும் என்று வைத்திருக்கும் வாயில் ஒரு பக்கம் உணர்ச்சியே இல்லை. கால்வாசி சரியாகப் போனது. முழுசாகப் போகுமா? போகாது. மெல்லச் சொல்லலாமா? அறுபது எழுபது வருஷமாகப் பல் படாமல் காத்ததை நான் யார் மெல்லச் சொல்ல? இரவு சோறு இறங்கவில்லை. அம்மா தலையில் தட்ட ஒரு இருமல்கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கட்டிலருகில் இருந்த சின்ன அலுமாரியின் மேல் வெள்ளைச் சீலை விரித்திருந்தார். சிலுவையோடு ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி. பக்கத்துக் கட்டிலில் ஒட்சிசன் ஓடுவதால் திரியைக் கொளுத்த விடவில்லை, அது சும்மா நின்றது. சுவாமி வந்தார். இளம் ஆள், சட்டையில் மோட்டார் சைக்கிள் ஓடி வந்த புழுதி. நான் முன்னால் போய் நின்றேன். அன்று காலையிலேயே மிஸ்ஸோடு கதைத்து எடுத்த முடிவைச் சொல்ல வேண்டும்.

"முழுசாக் குடுக்க ஏலாது சுவாமி. ஒரு துணுக்கு மட்டும். இந்தப் பக்கத்து நாக்கிலை வையுங்கோ. பிறகு நான் ஒரு கரண்டி தடிப்பான தண்ணி பருக்குவன். அதுக்கும் நீங்கள் சம்மதிக்கோணும்."

அவர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு துணுக்கு பிள்ளை?"

நான் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினேன். அரிசியில் பாதி. "அதிலையும் ஆண்டவர் முழுசா இருக்கிறார்," என்று அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அந்த வசனத்தின் கணக்கு விளங்கவில்லை, ஆனால் இறுகியிருந்த அக்காவின் தோள்கள் இறங்கின.

செபம் தொடங்கியது. நான் ஐயாவின் கழுத்தில் விரல் வைத்தேன். திருநீறு பூசிக்கொண்டு வந்த நெற்றியோடு அந்த இடத்தில் நிற்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. சுவாமி துணுக்கை உயர்த்திச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மறுமொழியாக ஆமென் சொல்ல வேண்டுமாம். "ஓம்," என்றார் ஐயா. துணுக்கு நாக்கில் போனது. கண்கள் மூடின. வாய் மூடியது.

நான் காத்திருந்தேன். இந்த முறை கத்தமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் ஒழுங்கை முகப்புப் பிள்ளையாரை நினைத்தேன், அவருக்கு இந்த விஷயத்தில் அதிகாரம் உண்டோ தெரியாது. அக்கா செபமாலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விரல் நுனியில் அந்தத் தொண்டை சும்மா கிடந்தது, கிடந்தது, பிறகு எழும்பியது. தடிப்பான தண்ணீரைக் கரண்டியில் கொடுத்தேன். மறுபடியும் எழும்பியது. "ஓம் சொல்லுங்கோ ஐயா." சொன்னார். காய்ந்திருந்தது. அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுவாமி அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சனி பின்னேரம் மிஸ் தொலைபேசியில் அழைத்தார். "பயப்படாதையும். உம்முடைய ஆளுக்குக் காய்ச்சல்."

பயப்படாதையும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மனிதர் என்ன செய்வார்கள்? ஞாயிறு முதல் பஸ்ஸில் போனேன். நீர்வேலியில் இருந்து சந்தைக்கு வந்த வாழைக்குலைகளோடு நெரிபட்டுக்கொண்டு நின்றேன். என்ன சொல்வேன், யாரிடம் சொல்வேன் என்று மனசு அரைத்தபடி இருந்தது. வார்டில் வைத்தியர் கட்டிலருகில் நின்றார். ஐயாவின் முகம் சிவந்து, மூச்சு வேகமாக இருந்தது.

"இவருக்கு வாயாலை ஆர் குடுக்கச் சொன்னது?"

"நான்தான் கேட்டனான் டொக்டர்," என்றார் அக்கா முந்திக்கொண்டு.

"நான்தான் குடுக்கலாம் எண்டு சொன்னனான்," என்றேன். மிஸ் கையெழுத்து வைத்தது இருக்கட்டும், விரல் வைத்தது நான்.

வைத்தியர் என்னைத் திட்டவில்லை, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நான் அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன். வெள்ளை நூல் தேடிய என் கண்ணுக்கு எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிந்தது. "நெஞ்சு இப்போதைக்குச் சுத்தம்," என்றார் அவர். "சிறுநீர்க்குழாயிலை கிருமி போலை கிடக்கு. சொல்ல ஏலாது. இன்னும் ரண்டு நாள் பாப்பம்."

அந்த இரண்டு நாட்களும் நான் உயிரோடு இருந்தேன், அவ்வளவுதான். படித்தது எல்லாம் என்னைக் கைவிட்டது. ஒரு துணுக்கு, அரிசியில் பாதி, அது எங்கே போயிருக்கும் என்று உடம்புப் படத்தில் விரல் வைத்துத் தேடினேன். அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன். இந்த வேலை எனக்கு வேண்டாம், காதைச் சோதிக்கும் அறைக்குப் போய்விடுகிறேன், காதுக்குள் யாரும் செத்துப்போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

செவ்வாய்க்கிழமை காலை வார்டுக்குள் போனதும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைத்தான் முதலில் பார்த்தேன். காய்ச்சல் கோடு கீழே இறங்கியிருந்தது. மருந்து சிறுநீர்க்குழாய்க் கிருமிக்குப் பிடித்துவிட்டது. நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று வைத்தியர் எழுதியிருந்தார். நான் அதை இன்னொரு தரம் வாசித்தேன், பிறகும் நம்பாமல் இன்னொரு தரம் வாசித்தேன்.

அக்கா ஐயாவைச் சாய்த்து வைத்து, நான் காட்டிக்கொடுத்தபடியே முகத்தை வலப்பக்கம் திருப்பி, தயிரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"மிஸ், அடுத்த முதல் வெள்ளிக்கும் வருவியள்தானே? நீங்கள் கை வச்சால்தான் எனக்கு நம்பிக்கை."

என் பயிற்சி அதற்கு முன் முடிந்துவிடும். முடியாவிட்டாலும், அந்தக் கழுத்தில் மறுபடி விரல் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்ததும் அந்த வெள்ளை நூல்தான் கண் முன் வந்தது. கால்மாட்டு அட்டையை மறுபடி கையில் எடுத்தேன். கரண்டி ஐயாவின் வாய்க்குப் போனது. குரல்வளை எழும்பி இறங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் எவ்வளவு தெரிந்ததோ, "ஓம் சொல்லுங்கோ" என்று நான் இன்னும் கேட்கவில்லை.

"ஓம்," என்றார்.

பிறகு, எனக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தவர்போல், கொஞ்சம் உரக்க இன்னொரு தரம் சொன்னார். களகளப்பு இல்லை. நான் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டேன்.